தோட்டத்துப் பிள்ளைகளும் துப்பாக்கி ஏந்தினார்கள்: நம் சிப்பாய்களின் கதையை யார் சொல்வது?



இந்த முறை ஒரு திரைப்படத்திலிருந்து தொடங்குகிறோம். உரிமைப் போராட்ட ஏட்டில் சினிமாவுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். நம் பாட்டன்மார்களின் வரலாறு எப்படிக் காணாமல் போனது என்பதைப் புரிந்துகொள்ள அந்தப் படம் உதவும்.

1989இல் வெளிவந்த அந்த அமெரிக்கப் படத்தின் பெயர் 'குளோரி'. எட்வர்ட் சுவிக் இயக்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்புக்காகப் போரிட்ட 54ஆவது மாசசூசெட்ஸ் காலாட்படையின் கதை. சிப்பாய்கள் எல்லாரும் கறுப்பினத்தவர். அதிகாரிகள் ஏறக்குறைய எல்லாரும் வெள்ளையர். 1863 ஜூலை 18ஆம் தேதி தென் கரோலினாவின் வாக்னர் கோட்டையை இந்தப் படை தாக்கியது. ஏறக்குறைய 600 பேர் போனார்கள். இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் என்று சுமார் 270 பேரை அந்த ஒரே மாலையில் படை இழந்தது. கோட்டை விழவில்லை. ஆனால் "கறுப்பனுக்குச் சண்டை போடத் தெரியாது" என்ற பேச்சு அன்றோடு எடுபடாமல் போனது. போர் முடிவதற்குள் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் வடக்குப் படையில் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 40,000 பேர் மாண்டார்கள். அதில் பெரும்பாலோர் நோயால்.

அந்தப் படம் வரும்வரை சாதாரண அமெரிக்கர்கள் பலருக்கு இப்படி ஒரு படை இருந்ததே தெரியாது. நூறு ஆண்டுக்கு மேல் மறைந்து கிடந்ததை இரண்டு மணி நேரப் படம் வெளியே கொண்டு வந்தது.

இப்போது நம்மைக் கேட்டுக்கொள்வோம். ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் இருக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, பால்வாளியைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கி தூக்கிய தோட்டத்துத் தமிழர்களைப் பற்றித் தெரியும்?

சம்பளம் வாங்க மறுத்த சிப்பாய்கள்

'குளோரி' படத்தில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய கட்டம் சண்டைக் காட்சியில் இல்லை. சம்பளம் கொடுக்கும் காட்சியில் இருக்கிறது. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர். அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். படையில் சேரும்போது சமச் சம்பளம் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

54ஆவது படையினர் என்ன செய்தார்கள்? சம்பளத்தையே வாங்க மறுத்தார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. ஓர் ஆண்டுக்கும் மேலாக. வீட்டில் மனைவி மக்கள் பட்டினி. மாசசூசெட்ஸ் மாநில அரசு இரக்கப்பட்டு, குறைகிற தொகையைத் தானே கொடுப்பதாகச் சொன்னது. அதையும் அவர்கள் வேண்டாம் என்றார்கள். மூன்று டாலரைவிட, தாங்கள் குறைந்த மனிதர்கள் அல்ல என்ற ஒப்புதல் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. கடைசியில் 1864 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றம் சமச் சம்பளத்துக்குச் சட்டம் இயற்றியது.

இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கிள்ளான் நினைவுக்கு வரவில்லையா?

1941ஆம் ஆண்டு, ஜப்பான்காரன் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பாட்டாளிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் சம்பளம் எங்களுக்கும் வேண்டும். 10, 12 மணி நேர வேலை கூடாது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும், மருத்துவம் வேண்டும். எங்கள் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்து. கள்ளுக்கடையை மூடு. சங்கம் வைக்க விடு. இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க மாட்டோம்!

வாசகர்களே, அந்தக் கடைசிக் கோரிக்கையை இன்னொரு தடவை படியுங்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமைக்கு வேலை நிறுத்தம் செய்யும் நிலையில் நம் மக்களை வைத்திருந்தார்கள்.

பதில் என்னவாக வந்தது? தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர், கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். மே மாதம் சிலாங்கூரில் அவசர நிலை அறிவித்து இந்தியப் படையினரையே கொண்டுவந்து இறக்கினார்கள். ஐந்து தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சம்பளச் சமத்துவம் கேட்ட தமிழனைச் சுட அதே இந்தியாவிலிருந்து வந்த சிப்பாயை நிறுத்தியது ஆங்கிலேய ஆட்சி.

அடுத்த டிசம்பரில் ஜப்பான் படை இறங்கியது. நம் பேரா மாநிலத்துக் கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கடும் சண்டை நடந்தது. அங்கேயும் நின்று போரிட்டவர்களில் சீக்கியரும் பஞ்சாபியரும் கூர்க்காக்களும் உண்டு. தைப்பிங் போர்க் கல்லறைக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். 800க்கும் மேற்பட்ட கல்லறைகள். பாதிக்கு மேல் யாருடையது என்றே தெரியாதவை. அங்கும் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், இந்து, முஸ்லிம், சீக்கிய வீரர்கள் இன்னொரு பக்கம்.

பால்மரக் காட்டிலிருந்து பாசறைக்கு

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். ராஷ் பிஹாரி போஸிடமிருந்து இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். அதுவரை இந்திய தேசிய ராணுவம் என்பது பெரும்பாலும் சரணடைந்த இந்தியச் சிப்பாய்களின் படை. நேதாஜி பொது மக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அப்போதுதான் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள்.

இதில் ஒரு விஷயத்தை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். பஞ்சாபியர், பட்டாணியர், கூர்க்காக்கள் அதில் இருந்தார்கள். தமிழருக்கு அதில் இடமில்லை. தமிழன் பால்மரம் வெட்டவும் ரோடு போடவும் தண்டவாளம் பதிக்கவும் லாயக்கானவன் என்பது அவர்கள் கணக்கு. விடியற்காலை பிரட்டில் கங்காணி பேர் கூப்பிட, "ஐயா" என்று குனிந்து நின்றவனுக்கு, காக்கிச் சட்டையும் துப்பாக்கியும் கொடுத்து "நீ சிப்பாய், நிமிர்ந்து நில்" என்று ஒருவர் சொன்னால் அவனுக்குள் என்ன நடந்திருக்கும்! 54ஆவது படையின் கறுப்புச் சிப்பாய்க்கு நடந்தது அதேதான். துரையின் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கிய கால்கள் இப்போது அணிவகுத்து நடந்தன.

பெண்களும் சேர்ந்தார்கள். டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணி படை அமைந்தது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறந்தது. அந்தப் படையைப் பற்றிப் பேசும்போது படித்த, வசதியான குடும்பத்துப் பெண்களின் பெயர்களே முன்னால் வருகின்றன. கோலாலம்பூரின் ஜானகி தேவரை, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் ஆனவரை, நமக்குத் தெரியும். ஈப்போவில் பிறந்த ராசம்மா நவரத்தினத்தை, பின்னாளில் ராசம்மா பூபாலன் ஆனவரை, நமக்குத் தெரியும். அக்காள் பொன்னம்மாவோடு சேர்ந்து இளம் வயதிலேயே படையில் சேர்ந்து பர்மா வரை போனவர் அவர். அவர்களின் துணிச்சலை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படையில் பெரும் பகுதியினர் தோட்டத்து லயங்களிலிருந்து போன பெண்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பலர். நாட்குறிப்பு எழுதவில்லை. பேட்டி கொடுக்கவில்லை. போர் முடிந்ததும் திரும்பி வந்து மறுபடியும் பால்மரம் வெட்டப் போனார்கள்.

1945 ஏப்ரலில் ரங்கூனைவிட்டுப் பின்வாங்கியபோது, மழையிலும் சேற்றிலும் விமானக் குண்டுகளுக்கு நடுவே இந்தப் பெண்கள் நடந்தார்கள். ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் ரயிலில் வரும்போது தாக்குதலில் இறந்தார்கள். இவர்களுக்கு ஈப்போவில் ஒரு தெருப் பெயராவது உண்டா?

மூடி மறைக்கக் கூடாத உண்மை

வழக்கறிஞர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நமக்குச் சாதகமான சாட்சியத்தை மட்டும் கூண்டில் ஏற்றினால் வழக்கு நிற்காது. எதிர்த்தரப்பு கேட்கப்போகும் கேள்வியை நாமே கேட்டுவிடுவது நல்லது.

இந்திய தேசிய ராணுவம் ஜப்பானோடு கைகோத்திருந்தது. அதே 1943இல் அதே ஜப்பான், நம் மக்களைச் சயாமுக்கு ரயில் ஏற்றிக்கொண்டிருந்தது. 415 கிலோமீட்டர் நீளமான சயாம்–பர்மா ரயில்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் வேலை வாங்கப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேல். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல் பல மடங்கு. அவர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரும் பகுதியினர் தமிழர்கள். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், ஆள் பிடித்தும் கொண்டு போனார்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தார்கள். 1931ஐவிட 1947 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலாயா இந்தியர் எண்ணிக்கை குறைந்து நின்றது. மந்த காலத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் அந்தக் குறைவில் உண்டு. ஆனால் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களும் அதில் இருக்கிறார்கள்.

சயாமுக்குப் போவதிலிருந்து தப்பிக்கவே ராணுவத்தில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் ரயில்பாதையில் சாக, தம்பி ஜப்பானின் கூட்டாளிப் படையில் அணிவகுத்தான் என்றால், அது துரோகமா? இல்லை. மேலே இருக்கிற இரண்டு சாம்ராஜ்யங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஏழைக்குக் கிடைத்த இரண்டே கதவுகள் அவை. ஆனால் இந்த முரண்பாட்டைச் சொல்லாமல் வெறும் வீர வசனம் பேசினால் ரயில்பாதையில் மாண்டவர்களுக்கு இரண்டாவது முறை அநியாயம் செய்தவர்கள் ஆவோம். இரண்டையும் சேர்த்துச் சொல்லுவோம். நம் வரலாறு அதைத் தாங்கும்.

திரையில் நாம் எங்கே?

1957இல் டேவிட் லீன் எடுத்த 'கிவாய் நதிப் பாலம்' ஏழு ஆஸ்கார் விருதுகளை வாங்கியது. மரண ரயிலை உலகம் அறிந்தது அந்தப் படத்தால்தான். அதில் ஆங்கிலேயக் கைதிகள் இருக்கிறார்கள், ஜப்பானிய அதிகாரி இருக்கிறார், அமெரிக்கர் இருக்கிறார். அந்தப் பாதையில் அதிகமாகச் செத்த தமிழன் இல்லை. வேடிக்கை என்னவென்றால், படம் பிடிக்கப்பட்ட இடம் இலங்கையின் கித்துல்கல! தமிழர் வாழும் தீவில் எடுத்த படத்திலேயே தமிழனின் சாவுக்கு இடம் கிடைக்கவில்லை.

இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றிய படங்கள்? 2005இல் ஷியாம் பெனகல் நேதாஜியைப் பற்றி எடுத்தார். அது தலைவரின் கதை. கபீர் கான் 1999இல் ஆவணப்படமாகவும் 2020இல் தொடராகவும் அந்த 'மறக்கப்பட்ட படை'யை எடுத்தார்; தொடரின் மையம் ஓர் இந்திய அதிகாரி. தமிழில் 1996இல் ஷங்கரின் 'இந்தியன்' வந்தது. சேனாபதி தாத்தா நேதாஜி படையில் இருந்தவர் என்று பார்த்து நம் வீடுகளில் கைதட்டினோம். ஆனால் அவர் தமிழ்நாட்டுக்காரர். பேராவின் ரப்பர் தோட்டத்திலிருந்து போன சேனாபதிகளை யாரும் படமெடுக்கவில்லை.

நம் நாட்டுத் திரையையும் பார்ப்போம். 'புக்கிட் கெப்போங்' 1981இல் வந்தது. 'லெப்டினன் அட்னான்' 2000இல் வந்தது. மலாய்ப் படைப்பிரிவின் வீரத்தைச் சொல்லும் படம் அது. சொல்ல வேண்டிய கதைதான், நமக்கு அதில் மனக்குறை இல்லை. நம் கேள்வி வேறு. இந்த மண்ணின் போர்க் கதை என்று பிள்ளைகள் பார்ப்பதில் தோட்டத்துத் தமிழனுக்கு ஒரு காட்சியாவது வேண்டாமா? பங்களிப்பு என்ற பேச்சு வரும்போது "வந்தேறிகள்" என்ற சொல் ஏன் அவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது? பார்த்திராத தியாகத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

'குளோரி'யிலும் குறைகள் உண்டு என்பதைச் சேர்த்தே சொல்கிறோம். அது வெள்ளைத் தளபதி ராபர்ட் கோல்ட் ஷாவின் கண் வழியாகச் சொல்லப்பட்ட கதை. படத்தில் சிப்பாய்கள் பெரும்பாலும் தப்பி வந்த அடிமைகள். உண்மையில் அந்தப் படையில் பெரும்பாலோர் சுதந்திரமாகப் பிறந்தவர்கள். கறுப்பினத் தலைவர் பிரெடெரிக் டக்ளஸின் இரண்டு மகன்களும் அதில் இருந்தார்கள். பாஸ்டன் நகரில் 1897இல் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் ஷாவின் பெயர் இருந்தது. வாக்னர் கோட்டையில் செத்த கறுப்புச் சிப்பாய்களின் பெயர்கள் 1980களில்தான் பொறிக்கப்பட்டன. கொடியைக் கீழே விடாமல் காத்த சார்ஜன்ட் வில்லியம் கார்னிக்கு உயரிய வீரப் பதக்கம் 1900இல்தான் கிடைத்தது, 37 ஆண்டு கழித்து. அடுத்தவர் நம் கதையைச் சொல்லட்டும் என்று காத்திருந்தால், கதை வரும். ஆனால் அவர்கள் கோணத்தில் வரும், அதுவும் தாமதமாக வரும்.

மூன்று அரசுகளும் கைவிட்டவர்கள்

ஏன் மறந்தார்கள்? காரணம் எளிது. நினைவு வைத்திருக்க எந்த அரசுக்கும் அவசியம் இல்லை.

ஆங்கிலேயருக்கு அவர்கள் எதிரியோடு சேர்ந்தவர்கள். சிங்கப்பூர் கடற்கரையில் நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் மவுண்ட்பேட்டனின் உத்தரவில் இடித்துத் தள்ளினார்கள். அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வைக்க 1995 வரை ஆனது. இந்தியாவுக்கு அந்தப் படை என்றால் டெல்லி செங்கோட்டை விசாரணையும் அதில் நின்ற மூன்று அதிகாரிகளும். மலாயாத் தோட்டத்துக்காரர்கள் கணக்கில் இல்லை. மலாயாவுக்கோ அது வேறு நாட்டின் சுதந்திரப் போர்.

சயாம் போனவர்களுக்கும் இதே கதிதான். 1967இல் ஜப்பான் மலேசியாவோடு ஓர் ஒப்பந்தம் செய்து 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்புள்ள உதவி கொடுத்தது. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்தது. கணவனைச் சயாமில் பறிகொடுத்த தோட்டத்து விதவையின் பெயர் அந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. காஞ்சனபுரியில் நேச நாட்டுக் கைதிகளுக்கு 6,900க்கும் மேற்பட்ட கல்லறைகள், ஒவ்வொன்றும் புல் வெட்டிப் பராமரிக்கப்படுகிறது. அங்கே தமிழருக்கு ஒரு நடுகல் எழுந்தது 2023இல்தான்.

ஆனால் நிமிர்ந்து நின்ற மனிதன் மறுபடி குனிவது கடினம். ராணுவத்தில் இருந்த எஸ்.ஏ. கணபதி போருக்குப் பிறகு அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கெடாவின் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளுக்கு எதிராகவும் தோட்ட அடக்குமுறைக்கு எதிராகவும் நின்றது. ஈப்போவில் பிறந்த ராசம்மா ஆசிரியையாகி, 1960இல் பெண் ஆசிரியர்களுக்குத் தனிச் சங்கம் கண்டு, ஆணுக்கு நிகரான சம்பளம் கேட்டுப் போராடினார். 1960களின் இறுதியில் அந்தக் கோரிக்கை வென்றது. கிள்ளானில் கேட்ட அதே கேள்வி, 54ஆவது படை கேட்ட அதே கேள்வி: ஒரே வேலைக்கு ஏன் இரண்டு சம்பளம்?

இனி நாம் செய்ய வேண்டியது

வாசகர்களே, 1943இல் 17 வயதாக இருந்தவர் இன்று நூறு வயதை ஒட்டியவர். நேரில் பார்த்த சாட்சிகள் அநேகமாக முடிந்துவிட்டார்கள். இனி மிச்சம் இருப்பது அவர்களின் பிள்ளைகள் கேட்டறிந்தவை. அவர்களுக்கும் எழுபது, எண்பது வயது. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன. தோட்டத்தின் பெயரும், கோயிலும், சுடுகாடும் அதோடு போகின்றன. "எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறீர்கள், ஆதாரம் என்ன?" என்று நம் மக்களிடம் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கலாம். ஆகவே:

ஒன்று. இந்த வாரமே வீட்டுப் பெரியவரிடம் உட்காருங்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். யார் போனார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த ஆண்டு, திரும்பி வந்தாரா என்று கேளுங்கள். தோட்டத்தின் பழைய ஆங்கிலப் பெயரையும் நம்மவர்கள் வைத்த தமிழ்ப் பெயரையும் இரண்டையும் எழுதுங்கள். பெயர் இல்லாமல் எந்த ஆவணத்தையும் தேட முடியாது.

இரண்டு. பழைய படங்கள், ராணுவச் சான்றிதழ், லீக்கின் ரசீது, வாழைமர நோட்டு எதுவானாலும் தூக்கி எறியாதீர்கள். நகல் எடுத்து வையுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்று. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. தேசிய மரபுடைமையாக அறிவிக்கத் தகுந்த இடத்தையோ பொருளையோ முன்மொழிய எந்தத் தனிமனிதருக்கும் அந்தச் சட்டம் வழி தருகிறது. கட்சித் தலைவர் வர வேண்டியதில்லை. ஆலய நிர்வாகமோ பள்ளி வாரியமோ முன்னாள் மாணவர் சங்கமோ எழுதலாம். எழுதியதற்குப் பதில் வராவிட்டால், பதில் வரவில்லை என்பதும் ஓர் ஆதாரம்.

நான்கு. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, பாடநூல் மாறும்வரை காத்திருக்காதீர்கள். கம்பாருக்கும் தைப்பிங்குக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கிள்ளான் கோரிக்கைப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

ஐந்து. நம் இளம் படைப்பாளிகளே, கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் குறும்படம் எடுக்கிறீர்கள். காதலும் அடிதடியும் போதும் என்று சொல்லவில்லை. ஒரு படமாவது புந்தோங்கிலிருந்து பர்மாவுக்குப் போகட்டும்.

யாரிடமும் சலுகை கேட்கவில்லை. பாஸ்டன் நினைவுச் சின்னத்தின் பின்புறம் பெயர்கள் பொறிக்க 80 ஆண்டுக்கு மேல் ஆனது. நம் சிப்பாய்கள் போய்வந்தும் 80 ஆண்டு ஆகிவிட்டது. நம்மிடம் இன்னும் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. அதைத் தயாரிக்கும் வேலையை உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!